மருத மரத்தின் பின்பக்கம்

சத்தியம்! சத்தியம்! சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் என் மீசையைக் கறையான் தின்னட்டும்! பன்றி பேசுமா, கரடி வைத்தியம் பார்க்குமா என்று யாராவது நடுவில் கேட்டால் கதையை அங்கேயே நிறுத்திவிடுவேன். பேசியது. பார்த்தது. அவ்வளவுதான்.

மலையடிவாரக் காட்டில் ஒரு குளம் இருந்தது. குளக்கரையில் ஒரு மருத மரம். ஆனைகள் கூடிக் கட்டிப்பிடித்தாலும் துதிக்கையோடு துதிக்கை எட்டாது, அவ்வளவு பருமன். அந்த மரத்தில் கொத்தனார் என்றொரு மரங்கொத்தி குடியிருந்தார். காட்டின் வைத்தியம் முழுவதும் அவர் அலகில் இருந்தது.

எப்படி என்றால், எந்த நோய்க்கு என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால், கொத்தனார் அதை மரத்தின் முன்பக்கம் படமாகக் கீறுவார். பக்கத்தில் துளை போடுவார். ஒரு துளை என்றால், "சும்மா சொல்லி வைக்கிறோம், இஷ்டம் இருந்தால் செய்." இரண்டு துளை என்றால், "செய்யலாம், ஆனால் பார்த்துச் செய்." மூன்று துளை என்றால், "கேள்வி கேட்காதே, செய்!"

இது முன்பக்கத்துக் கதை. மரத்துக்குப் பின்பக்கமும் உண்டு அல்லவா? அங்கே வேறு கணக்கு. அந்த மருந்தைச் சாப்பிட்டவர்களில், கண்ணால் பார்த்தபடி, பிழைத்தவருக்கு ஒரு வட்டத் துளை. பிழைக்காதவருக்கு ஒரு நீளக் கீறல். எவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம் என்பது முன்னால். எவ்வளவு தெரிந்து சொல்கிறோம் என்பது பின்னால். அந்தக் காட்டை முதன்முதலில் ஆண்ட மூதாதைகள் இப்படித்தான் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். நல்ல ஏற்பாடு!

ஆனால் பின்பக்கம் முழுக்க இண்டம்முள் புதர் வளர்ந்துவிட்டது. சுற்றிப் போனால் தோல் கிழியும். அதனால் எல்லோரும் முன்னால் நின்று துளையை எண்ணிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். எனக்கு இதைச் சொல்லும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தக் கோடையில் காட்டுக்குள் காந்தல் காய்ச்சல் வந்தது. உடம்பு அடுப்புக் கல்லாய்ச் சுடும். நாக்கு வெடிக்கும். கண் உள்ளே போய்விடும். மரத்தின் முன்பக்கத்தில் அதற்கு ஒரு படம் இருந்தது: ஒரு நாக்கு, அதன் குறுக்கே ஒரு கோடு. காய்ச்சல்காரருக்குச் சொட்டுத் தண்ணீர் கொடுக்கக் கூடாது! பக்கத்தில் மூன்று துளை. ஆழமான துளை.

அதைச் சொன்னவர் சடையப்ப வைத்தியர். கரடி. பெரிய உடம்பு, பெரிய குரல். அவர் தொண்டையைச் செருமினால் காடை கௌதாரியெல்லாம் எழுந்து நிற்கும்.

தண்ணீர் விலக்கைக் காக்கக் குளக்கரையில் கொம்பையா நின்றான். காட்டெருமை. குளத்துக்கு வருகிற ஒவ்வொருவர் மூச்சையும் முகர்ந்து பார்ப்பான். மூச்சு சுட்டால் கொம்பைக் குறுக்கே வைப்பான். கோடை தொடங்கியபோது அவனுடைய ஒரே கன்றும் இந்தக் காய்ச்சலில் போய்விட்டது. அதற்குப் பிறகு அவன் காவல் இன்னும் கடுமையாகிவிட்டது.

அதே காட்டில் மூக்காயி என்று ஒரு காட்டுப்பன்றி. கோபக்காரி. ஆனால் விதி என்றால் தலைவணங்குவாள். அவள் குட்டிகளில் இரண்டுக்கு ஒன்றாகக் காய்ச்சல் வந்தது. ஒருத்தி வெள்ளைக்காது, சொன்ன பேச்சைத் தட்டாதவள். இன்னொருவன் கள்ளன், பெயரே போதும். அம்மா தண்ணீர் கூடாது என்றாள். வெள்ளைக்காது சரி என்று படுத்துக்கொண்டாள். கள்ளன் வாயெல்லாம் சேறோடு வந்து நின்றான். குளத்தின் பின்புறம் கோரைப்புல்லுக்குள் புகுந்து, கொம்பையா கண்ணில் படாமல் வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்திருந்தான். மூக்காயி அவனை மூக்காலேயே புரட்டிப் புரட்டி அடித்தாள்.

வெள்ளைக்காது செத்துப்போனாள். கள்ளன் பிழைத்தான்.

மூக்காயி அழுதாள். ஆனால் யோசிக்கவில்லை. துக்கத்தில் யார் யோசிக்கிறார்கள்?

இப்போது கடைக்குட்டி சுண்டுவுக்குக் காய்ச்சல். உள்ளங்கையில் வைத்துத் தூக்கலாம் போல இருப்பான்.

"அம்மா, தண்ணி."

"கூடாதுடா கண்ணு. மூணு துளை போட்டிருக்கு."

"ஒரே ஒரு வாய், அம்மா."

"வெள்ளைக்காதுகூடக் கேக்காம இருந்தா, தெரியுமா? எவ்வளவு சமத்து!"

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அவள் வாய் அப்படியே நின்றுவிட்டது. வெள்ளைக்காது கேட்காமல் இருந்தாள். வெள்ளைக்காது எங்கே? பக்கத்தில் கள்ளன் வேரைத் தோண்டிக் கடகடவென்று மென்றுகொண்டிருந்தான். கொழுகொழுவென்று இருந்தான்.

"அடப் பாவி மூக்காயி!" என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். "குடிச்சவனை அடிச்சே. குடிக்காதவளைப் புதைச்சே!"

சுண்டுவை வாயில் கவ்விக்கொண்டாள். ஒரே ஓட்டம். முதலில் கோரைப்புல் பக்கம் போனாள். அங்கே தண்ணீர் வற்றிச் சேறு காய்ந்து பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது. சேற்றில் என்னவோ பதிந்திருந்தது. மூக்கை வைத்து நன்றாகப் பார்த்தாள். பார்த்தவள் உறுமினாள். அங்கிருந்து நேராகக் குளக்கரைக்கு வந்தாள்.

கொம்பையா கொம்பைக் குறுக்கே வைத்தான்.

"நில்லு! குட்டி மூச்சு சுடுது."

"சுடுது அண்ணே. அதனாலதான் தண்ணிக்கு வந்தேன். விலகு."

"மரத்தைப் பாத்தியா? மூணு துளை!"

"பாத்தேன். பாத்துப் பாத்து ஒரு பிள்ளையைக் குழியில வச்சேன்."

"நானும்தான் வச்சேன்!" என்று கொம்பையா கத்தினான். குளத்துத் தண்ணீர் அதிர்ந்தது. "என் கன்னுக்கே சொட்டு கொடுக்காதவன் நான். உன் குட்டிக்குக் கொடுத்துருவேனா? போ தங்கச்சி, போ! என்னைக் கொம்பால பேச வைக்காதே!"

மூக்காயி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். கொம்பை எதிர்த்துப் பன்றி என்ன செய்யும்? சுண்டுவை மருத மர நிழலில் மெதுவாக வைத்தாள். மரத்தை அண்ணாந்து பார்த்தாள். மூன்று துளையும் மூன்று கண் மாதிரி அவளை முறைத்தன.

"முன்னால பாத்தாச்சு. பின்னால என்ன இருக்குன்னு பாத்துர்றேன்!"

இண்டம்முள்ளுக்குள் தலையைக் கொடுத்தாள். முள் தோலைக் கிழித்தது. காதைப் பிய்த்தது. தள்ளிக்கொண்டே போனாள். ரத்தம் சொட்டச் சொட்ட மரத்தின் பின்பக்கம் போய் நின்றாள்.

பின்பக்கம் வழவழவென்று இருந்தது.

ஒரு துளை இல்லை. ஒரு கீறல் இல்லை. குழந்தையின் கன்னம் மாதிரிப் பட்டை! கட்டெறும்பு ஒன்று தடங்கல் இல்லாமல் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

மூக்காயிக்கு வந்த கோபத்தை என்னென்று சொல்வேன்! பின்னால் போய், ஓடி வந்து, தலையால் மரத்தில் ஒரு மோது மோதினாள். பொய்யில்லை, அந்த மோதலில் மூன்று மலை தாண்டித் தேன்கூடு விழுந்ததாம்! பொந்துக்குள் தூங்கிக்கொண்டிருந்த கொத்தனார் உருண்டு வந்து அவள் முன்னால் விழுந்தார்.

"யாரது? இடியா?"

"இடிதான்! மூக்காயி! முன்னால மூணு துளை போட்டியே, பின்னால ஏன்யா ஒண்ணுமே இல்லை?"

கொத்தனார் கொண்டையைச் சரி செய்துகொண்டார். "பின்னாலயா? அங்கே யாரும் வர்றதில்லையே அம்மா! பாக்காத இடத்துல எதுக்கு அலகு தேயணும்?"

"அப்ப மூணு துளை எதை வச்சுப் போட்டே?"

"வைத்தியர் சொன்னார். சத்தமா சொன்னார். மூணு முறை சொன்னார்."

"அதுக்கு மூணு துளையா?"

"பெரியவர் அம்மா! அவர் மனசு கோணினா எப்படி?" கொத்தனார் குரலைத் தாழ்த்தினார். "அவர் கறையான் புத்தை உடைச்சுத் தின்னுட்டுப் போனா, மிச்சம் எல்லாம் எனக்குத்தானே! நீ சொல்லு, அவருக்கு ஒரு துளை போட்டு அனுப்ப முடியுமா?"

"உன் வயித்துக்கு என் பிள்ளையா?" என்று மூக்காயி அலறினாள்.

அந்த அலறலில் காடு கூடிவிட்டது. மான்கள் வந்தன. கருங்குரங்கு முத்தையன் வாலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். முயல் வந்தது. கிளிகள் கிளைகளை நிறைத்தன. கடைசியாகச் சடையப்பர் வந்தார். வழிவிட்டார்கள்.

"என்ன சத்தம்? யாருக்கு என்ன சந்தேகம்?"

"எனக்குத்தான் வைத்தியரய்யா. காய்ச்சலுக்குத் தண்ணி கூடாதுன்னு எப்படித் தெரியும்?"

சடையப்பர் சிரித்தார். "எப்படித் தெரியுமா? இந்த உடம்பு சொல்லும்! எனக்கே இந்தக் காய்ச்சல் வந்தது. குகைக்குள்ள போனேன். படுத்தேன். குளத்துப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கலை. கிண்ணுன்னு எழுந்து வந்தேன்!"

"எழுந்து வந்தார்! எழுந்து வந்தார்!" என்று கிளிகள் கத்தின.

"அது எந்தப் பருவம் ஐயா?"

"அடைமழை. அப்படி ஒரு மழையை நீ பாத்திருக்க மாட்டே. குகை முழுக்க ஒழுகல். சுவரெல்லாம் ஊறிக் கிடக்கு. நான் அசையலையே! நாக்கு வறண்டா அந்தச் சுவரை ஒரு நக்கு. மறுபடியும் வறண்டா மறுபடியும் ஒரு நக்கு. அவ்வளவுதான் எனக்கு மருந்து!"

மான்கள் காதை நிமிர்த்தின.

"என்னய்யா செஞ்சீங்க?" என்று மூக்காயி கேட்டாள்.

"நக்கினேன்."

"எதை?"

"ஈரத்தை." சடையப்பர் முகம் மாறியது. "ஏய், ஈரம் வேற, தண்ணி வேற! நான் குடிக்கலை! நக்கினேன்!"

முத்தையன் மரத்தில் தொங்கிக்கொண்டே சிரித்தான். "வைத்தியரே, அப்ப குளத்தை நக்கலாமா? குடிச்சாத்தான் தப்பா?"

"வாயை மூடு குரங்கே!" சடையப்பர் எழுந்து நின்றார். எழுந்து நின்றால் அவர் இரண்டு கரடி உயரம். "என் ஒருத்தன் கதையை விடு! இந்தக் காடே சாட்சி! காய்ச்சல் வந்து, என் சொல் கேட்டுப் பிழைச்சவங்க எத்தனை பேர்! சொல்லுங்கடா!"

மான் முன்னால் வந்தது. "நான் விலக்குக் காத்தேன். பிழைச்சேன்."

முயல் வந்தது. "நானும். சொட்டுத் தண்ணி தொடலை."

முத்தையன் நெஞ்சைத் தட்டினான். "நாக்கு வெடிச்சுது, மாமா! குடிக்கலையே!"

ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். எல்லோரும் விலக்குக் காத்தவர்கள். எல்லோரும் பிழைத்தவர்கள். கிளிகள் ஒவ்வொரு கதையையும் பத்துப் பத்தாக்கின. கேட்கிறவர்களுக்குக் காடு முழுக்கச் சாட்சி நிற்பதுபோல இருந்தது.

சடையப்பர் மூக்காயியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "போதுமா? இன்னும் வேணுமா?"

மர நிழலில் சுண்டு வாயைத் திறந்து மூடினான். சத்தம் வரவில்லை. மூக்காயி அவனைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். அவள் முதுகு மயிர் நெட்டுக்குத்தாக நின்றது.

"எல்லாரும் என்கூடக் கோரைப்புல்லுக்கு வாங்க!"

"எதுக்கு?" என்றது முயல், சட்டென்று.

"வாங்கன்னா வாங்க! கொம்பையா அண்ணே, நீங்களும்தான். யார் தப்பிச்சு ஓடினாலும் கொம்பால மறிங்க. அதுதான உங்க வேலை?"

கொம்பையா தயங்கினான். பிறகு நடந்தான். கூட்டமும் நடந்தது. சிலர் கால் பின்னிப் பின்னி நடந்தார்கள்.

கோரைப்புல்லுக்குள் சேறு கல்லாய்க் காய்ந்து கிடந்தது. அதில் தடம் தடமாய், நேற்றுப் பதிந்ததுபோல, குளம்புகளும் பாதங்களும். தண்ணீர் இருந்த விளிம்பில் எல்லாம் முட்டி போட்ட குழிகள்.

"இது கள்ளன் குளம்பு," என்றாள் மூக்காயி. "என் பிள்ளை. காய்ச்சலோட வந்து திருட்டுத்தனமா குடிச்சான். பிழைச்சான். நான்தான் அவனை அடிச்சேன். டேய் கள்ளா, எல்லார் முன்னாலயும் சொல்றேன், அடிச்சது என் தப்பு! சரி. அவன் பக்கத்துல இருக்கே, இது யார் குளம்பு?"

மான் வானத்தைப் பார்த்தது.

"கரை முழுக்கத் திறந்து கிடக்கும்போது, உடம்பு நல்லா இருக்கிறவன் எதுக்குக் கோரைப்புல்லுக்குள்ள புகுந்து குடிக்கணும்? கொம்பையா மூச்சை முகர்ந்துருவான்னு பயந்தவன்தானே வருவான்? இது யார் பாதம்? நீளக் காதுக்காரரே, உங்களைத்தான்!"

முயல் காது இரண்டையும் முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டது.

"இந்தக் கை யார் கை? விரலும் நகமுமா, பக்கத்துல வால் இழுத்த கோடோட?"

முத்தையன் வாலைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

"குடிச்சீங்க!" மூக்காயியின் குரல் உடைந்தது. "குடிச்சீங்க, பிழைச்சீங்க. அப்புறம் மரத்தடியில வந்து நின்னு, குடிக்கலை, விலக்குக் காத்தேன்னு சொன்னீங்க! வெட்கமா இருந்துதா? உங்க வெட்கத்தை நம்பித்தான் நான் என் பிள்ளையைத் தாகத்தோட படுக்க வச்சேன். அவ அந்தப் பொய்யைக் குடிச்சுத்தான் செத்தா!"

அவரவர் தடத்தின்மேல் காலை வைத்து மறைத்துக்கொண்டார்கள். கிளிகள் இறகுக்குள் தலையைப் புதைத்தன.

கடைசியில் முத்தையன் மெதுவாகச் சொன்னான். "நீ சொல்றது நியாயம் அக்கா. ஆனா மூணு துளை போட்ட விஷயத்தை நான் மீறினேன்னு எப்படிச் சொல்றது? ஊர் காறித் துப்பாதா?"

"சரி, இப்ப சொல்லுங்க! நிஜமாவே, ஒரு சொட்டுகூடத் தொடாம, நக்காம, விலக்குக் காத்துப் பிழைச்சவங்க யார்? அந்தப் பக்கம் போய் நில்லுங்க. நான் கால்ல விழறேன்."

அந்தப் பக்கம் வெறும் தரை இருந்தது. காய்ந்த இலை ஒன்று உருண்டு போனது.

சடையப்பர் அந்தப் பக்கம் ஒரு அடி வைத்தார். எல்லோரும் அவர் நாக்கைப் பார்த்தார்கள். காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

"வந்து சாட்சி சொன்னவங்களை எண்ணினீங்க," என்றாள் மூக்காயி. "வர முடியாதவங்களை யார் எண்ணினீங்க?"

அப்போதுதான் கொம்பையா பேசினான். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வரும் என்று யாரும் நினைக்கவில்லை.

"தங்கச்சி, நல்லாப் பாத்துச் சொல்லு. என் கன்னுக் குளம்பு இதுல எங்கயாவது இருக்கா?"

மூக்காயி தலையைக் குனிந்தாள். சேறு முழுவதும் மூக்கை வைத்து முகர்ந்தாள். ஒரு மூலை விடவில்லை.

"இல்லண்ணே."

"இருக்காது. எனக்குத் தெரியும்." கொம்பையா குளத்தைப் பார்த்தான். "என் காலடியிலதான் படுத்திருந்தான். தண்ணியைப் பாத்துக்கிட்டே படுத்திருந்தான். எட்டினா வாய் வைக்கலாம். அப்பா வேண்டாம்னு சொன்னார்னு வைக்கலை. நான் அதைப் பெருமையா நினைச்சேன்."

சொல்லிவிட்டு நடந்தான். குளக்கரையில் தான் நிற்கிற இடத்துக்குப் போனான். வழக்கம்போல நிற்கப் போகிறான் என்று நினைத்தார்கள். நிற்கவில்லை. குளத்துக்குள் இறங்கினான். வாய் நிறையத் தண்ணீரை அள்ளிக்கொண்டு மரத்தடிக்கு வந்தான். சுண்டுவின் முகத்துக்கு நேரே குனிந்து, சொட்டுச் சொட்டாக விட்டான்.

முதல் சொட்டு வாயோரம் வழிந்தது. இரண்டாவதும் வழிந்தது. மூக்காயி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். அடுத்த சொட்டுக்கு அந்தச் சின்ன நாக்கு வெளியே வந்தது.

"அடப் பயலே!" என்றான் கொம்பையா. அவன் மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் தண்ணீர் ஒழுகியது. எது குளத்துத் தண்ணீர் என்று யார் பிரித்துச் சொல்வது?

மாலைக்குள் சுண்டு எழுந்து உட்கார்ந்தான். மறுநாள் அவன் அம்மாவிடம் அடி வாங்குகிற அளவுக்குத் தேறிவிட்டான்.

கொத்தனாருக்கு ஒரே குஷி. சர்ரென்று மரத்தில் ஏறினார். "விடுங்க! பழைய துளையைச் சேத்தால அடைச்சுர்றேன். காய்ச்சலுக்குத் தண்ணி கொடு! மூணு துளை! இல்ல, நாலாப் போட்டுரட்டுமா? மூக்காயியம்மா பேர் விளங்கும்!"

"இறங்குய்யா கீழே!" மூக்காயி மறுபடியும் மரத்தை மோதப் போனாள். "அன்னைக்கு அவர் கத்தினார்னு போட்டே. இன்னைக்கு நான் கத்தினேன்னு போடுவியா? அப்ப உனக்கு வித்தியாசமே தெரியலையா? முதல்ல பின்பக்கம் போ! பாத்ததைப் போடு! அதுக்கப்புறம் முன்பக்கம் எத்தனைங்கிறதைக் காடு பேசி முடிவு செய்யட்டும்!"

"பின்பக்கம் முள்ளாச்சே அம்மா!"

"என் தோலைப் பாரு! இது என்ன பூவா?"

கொத்தனார் போனார். முள் இறகைப் பிய்க்கப் பிய்க்கப் போனார். தண்ணீர் குடித்துப் பிழைத்தவருக்கெல்லாம் வட்டத் துளை. மான் தன் பெயருக்கு ஒன்று போட்டுக்கொண்டது. முயலும் முத்தையனும் நாணிக் கோணிப் போட்டுக்கொண்டார்கள். குடித்தும் பிழைக்காத ஒரு கிழட்டு மிளா மான் இருந்தது. அதற்கும் ஒரு கீறலை மறைக்காமல் போட்டார்கள். மூக்காயிதான் அதைப் போடச் சொன்னாள்.

பிறகு விலக்குக் காத்தவர்களுக்கு. அங்கே வட்டம் ஒன்றுமில்லை. எல்லாம் கீறல். வெள்ளைக்காதுக்கு ஒன்று. கன்றுக்கு ஒன்று. வீட்டுக்கு வீடு வந்து சொன்னார்கள். கொத்தனாருடைய அலகு மழுங்கிப்போனது.

அதெல்லாம் முடிந்த பிறகுதான் முன்பக்கம் வந்தார்கள். பழைய விலக்கைச் சேற்றால் அடைத்துவிட்டுத் தண்ணீருக்கு மூன்று துளை போட்டார்கள். கொத்தனார் இந்த முறை ஒவ்வொரு துளைக்கும் ஒருதரம் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

சடையப்பருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை! அதுதான் எனக்கு ஆத்திரம். மன்னிப்புக் கேட்டாரா? இல்லை. "தண்ணீர் கொடுக்கலாம் என்று நான் அப்போதே நினைத்தேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். இன்றைக்கும் கரடிகள் சும்மா இருக்கும் நேரத்தில் தங்கள் பாதத்தை நக்கிக்கொண்டிருக்கும், கவனித்திருக்கிறீர்களா? குகைச் சுவர் ஞாபகம்! ஆனால் அதற்குப் பிறகு அவர் எதைச் சொன்னாலும், குட்டி முயல்கூட, "சரிங்க ஐயா, பின்பக்கம் பாத்துட்டு வர்றேன்" என்று கிளம்பிவிடும். அவருக்கு அது போதாதா?

கொம்பையா காவலை விட்டுவிட்டான். ஆனால் தினமும் மரத்தின் பின்பக்கம் போவான். ஒரு கீறலின் முன்னால் நின்று, அதை நாக்கால் ஒருமுறை தடவிவிட்டுத் திரும்புவான். அவன் போகப் போக இண்டம்முள் முறிந்து நல்ல பாதை விழுந்துவிட்டது. இப்போது குட்டிகளும் தோல் கிழியாமல் போய்ப் பார்க்கலாம்.

ஆகையால் கேளுங்கள்: எந்த மருந்தையும் எவ்வளவு உரக்கச் சொல்கிறார்கள் என்று பார்த்து நம்பாதீர்கள், எவ்வளவு பார்த்துச் சொல்கிறார்கள், பிழைக்காதவர்களையும் சேர்த்து எண்ணினார்களா என்று கேட்டுவிட்டு நம்புங்கள்.

கதை இவ்வளவுதான். ஆனால் இதைச் சொன்னது யார் என்று மட்டும் வெளியே மூச்சு விடாதீர்கள். சடையப்பரின் பேரன்மார் இன்னும் வைத்தியம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எனக்கோ முழங்கால் வலி. நாளைக்கு அவர்கள் வாசலில்தான் போய் நிற்க வேண்டும்!